இரைச்சலை அளந்த வரலாறு

அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது வானொலியில் 'கரகர' என்று ஓர் ஓசை எழுவதை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். வானொலிப் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று எண்ணிச் சிலர் அதனைத் தட்டுவதும் உண்டு. தட்டினால் அவ்வோசை நிற்பதில்லை. மிக்ஸி நின்றால் நிற்கிறது. எங்கோ அடுக்களையில் சட்னி அரைக்கும் பொறி, கூடத்தில் இருக்கும் பெட்டியைத் தொடாமலே எவ்வாறு அதன் பேச்சைக் கெடுக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தவர்கள், இரைச்சலை அளப்பதற்கென்றே ஒரு தனிக் கலையை உருவாக்கிவிட்டார்கள். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது நம் கோயம்புத்தூருக்கும் நீலகிரிக்கும் அயலான கதையன்று.

கதையின் தொடக்கம் ஒரு பொறியில் இருக்கிறது. மின்சாரமும் காந்தமும் இணைந்து அலைகளாக வெளியிற் பரவ இயலும் என்று 1865-ஆம் ஆண்டில் மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்டினார். அது கணக்காகவே இருந்தது; அவ்வலையைக் கண்டவர் எவரும் இலர். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் 1887-88 ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் என்னும் பேராசிரியர் இரு உலோகக் குண்டுகளுக்கிடையே மின்பொறி பறக்கவிட்டார். அறையின் மற்றொரு பக்கத்தில் ஒரு கம்பி வளையத்தின் மெல்லிய இடைவெளியில், இருட்டில் உற்று நோக்கினால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு சிறு பொறி தோன்றிற்று. இடையே கம்பி ஏதும் இல்லை. நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் இத்தகைய அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்ற வைத்தார்.

இங்கே ஒன்றை நீங்கள் கருத வேண்டும். ஹெர்ட்ஸின் பொறியும் மிக்ஸியின் பொறியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. மிக்ஸியின் மோட்டாரில் சுழலும் செம்புத் துண்டுகளின்மீது கரித்துண்டுகள் உராய்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு துண்டும் கரியை விட்டு விலகும்போது மின்னோட்டம் அறுபடுகிறது. அறுபடும் இடத்தில் பொறி பறக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம்! ஆனால் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவைக் கிரைண்டரில் இருப்பது கரித்துண்டு இல்லாத தூண்டல் மோட்டார். ஆதலால் அது தொடங்கும்போது 'டக்' என்று ஒருமுறை ஒலித்துவிட்டுப் பிறகு பெரிதும் அமைதியாக மாவரைக்கிறது. அண்டை வீட்டாரோடு இணக்கமாக வாழ விரும்புவோர்க்கு உகந்த பொறி என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியபின் நீலகிரி மலையிலிருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்தது. அதனைப் பற்றிக்கொண்டு நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இவ்வூரிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினர். பின்னர்ப் பம்புசெட்டுகளும், விசைத்தறிகளும், பட்டறைகளும் பெருகின. பொறியியற் பொருள் செய்வோர் 1952-இல் சீமா என்னும் சங்கத்தை அமைத்தனர். பம்புகளையும் மோட்டார்களையும் சோதிக்கும் சிடார்க் நிலையம் பிற்காலத்தில் அச்சங்கத்தின் முயற்சியால் தோன்றியதே.

மின்சாரம் இவ்வாறு முந்திக்கொண்டு வந்த ஊரில், வானொலி நிலையம் பிந்தியே வந்தது. சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றின. கோவை நிலையம் தோன்றியது 1966-இல்தான். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கோவை மக்கள் தொலைவிலுள்ள நிலையங்களையே நாடிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தனர். தொலைவிலிருந்து வரும் அலை மெலிந்தது. பக்கத்துப் பட்டறையின் பொறி வலியது. இரைச்சல் தீங்கு செய்கிறதா இல்லையா என்பது அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. கேட்க விரும்பும் ஒலிக்கும் அதற்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. உள்ளூரில் நிலையம் வந்தபோது பொறிகளின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை; ஆனால் குரல் வலுத்தது. அதனாலேயே இரைச்சல் குறைந்துவிட்டதுபோல் தோன்றிற்று.

நான் பிறந்து வளர்ந்த வீடு காந்திபுரத்தில் ஒரு குறுக்கு வீதியில் இருந்தது. 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் வங்கதேசப் போர் மூண்டபோது நான் சிறுவன். என் சிற்றப்பா அப்போது படையில் இருந்தார். என் தந்தையார் இரவுதோறும் வால்வு ரேடியோவின் முன் அமர்ந்து, சிற்றலையில் எட்டத்திலிருந்து வரும் செய்திகளுக்காகக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். எங்கள் சுவரை ஒட்டி ஒரு தையற்கடை இருந்தது. அதன் உரிமையாளர் அவ்வாண்டுதான் தம் தையல் இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியிருந்தார். பொங்கல் நெருங்கும் காலம். துணிகள் குவிந்து கிடந்தன. அவர் காலால் மிதிக்குந்தோறும் எங்கள் வானொலியில் செய்தி மறைந்து இரைச்சல் எழுந்தது. ஒரு நாள் செய்தியில் ஓர் ஊர்ப்பெயர் வந்தது. அதற்குப்பின் வந்த சொற்கள் முழுவதும் இரைச்சலில் மூழ்கின. என் தந்தையார் எழுந்து சென்று, "அண்ணே, ஒரு கால்மணி நேரம் நிறுத்துங்க" என்று வேண்டினார். அவர் நிறுத்தினார். மறுநாளும் நிறுத்தினார். மூன்றாம் நாள், "நாளைக்கு ஜாக்கெட் குடுக்கோணுமுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். இருவர் பேரிலும் குற்றம் இல்லை. அதுதான் இச்சிக்கலின் துன்பம்.

வானொலி பழுது பார்க்கும் ஒருவர் வந்து, மோட்டாரின் கரித்துண்டுகளுக்குக் குறுக்கே ஒரு சிறு மின்தேக்கியை இணைத்தார். இரைச்சல் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் செய்தி கேட்டது. விரைந்து மாறும் மின்னலைவு மின்தேக்கியின் வழியாக எளிதிற் சுற்றி அடங்கிவிடுகிறது. ஆதலால் வீட்டுக் கம்பிகளில் ஏறிப் பரவுவது குறைகிறது. அன்று எனக்கு இது புரியவில்லை. ஒரு சிறு வில்லை ஒரு சண்டையைத் தீர்த்தது என்பது மட்டும் புரிந்தது. சிற்றப்பா நலமாகத் திரும்பி வந்தார்.

எங்கள் வீதியில் நடந்த இவ்வழக்கே உலகெங்கும் நடந்துகொண்டிருந்தது. மின் அமைப்புகள் ஒன்றையொன்று கெடுத்தல் ஆகாது என்னும் கருத்து 1892-இல் ஜெர்மனியில் இயற்றப்பட்ட தந்திச் சட்டத்திலேயே காணப்படுகிறது. வானொலி பரவியபின் வழக்குகள் பெருகின. ஒவ்வொரு நாடும் தன் விருப்பம்போல் விதி செய்தால், ஒரு நாட்டில் விற்கத்தக்க மோட்டார் அடுத்த நாட்டில் விலக்கத்தக்கதாகிவிடும், வாணிபம் இடர்ப்படும். ஆதலால் 1934-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பன்னாட்டு வல்லுநர் கூடி, 'சிஸ்பர்' என வழங்கும் வானொலி இடையூற்றுச் சிறப்புக் குழுவைத் தொடங்கினர். அவர்கள் முன் நின்ற முதல் வினா, எவ்வளவு இரைச்சலைப் பொறுக்கலாம் என்பது. அதனினும் கடினமான வினா ஒன்று இருந்தது: இரைச்சலை எவ்வாறு அளப்பது?

இவ்விடத்தில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். அளவை என்பது எளிதென்று மாணவர் எண்ணுவர். துணியை முழக்கோலால் அளக்கிறோம். பாலைப் படியால் அளக்கிறோம். இரைச்சலை எதனால் அளப்பது? நொடிக்கு ஒருமுறை 'டக்' என்று ஒலித்தால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். அதே வலிமையுள்ள 'டக்' நொடிக்கு ஆயிரம் முறை வந்தால் அவரால் பொறுக்க இயலாது. ஒவ்வொரு 'டக்'கின் உச்சத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. சராசரியை அளக்கும் கருவிக்கோ முதலாவது கிட்டத்தட்ட இல்லாததே. மனிதச் செவி இவ்விரண்டிற்கும் இடையில் நின்று தீர்ப்பளிக்கிறது. ஆகவே, செவியைப்போலவே இடைநின்று தீர்ப்பளிக்கும் ஒரு கருவியைப் படைத்தனர். அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கி விரைவாக நிறைந்து மெதுவாகக் காலியாகும். 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நிறைவதற்குரிய கால அளவு 1 மில்லிநொடி, வடிவதற்குரியது 160 மில்லிநொடி. துடிப்புகள் அரிதாக வந்தால் இடையில் வடிந்துவிடும். முள் தாழ்ந்தே நிற்கும். அடுத்தடுத்து வந்தால் வடிவதற்கு நேரம் இராது, முள் ஏறும். 'குறை உச்ச அளவி' என்று தமிழில் அதனை அழைக்கலாம். வானொலியைக் கேட்டு எரிச்சலுற்ற மனிதனின் பொறுமை அக்கருவிக்குள் சுருளாகவும் மின்தேக்கியாகவும் அடைக்கப்பட்டிருக்கிறது. கணிப்பொறிகளைச் சோதிக்கும் கூடங்களில் இன்றும் அவ்வளவியே பயன்படுகிறது.

அளவி கிடைத்தது. அளக்கும் இடம்? சுவரும் மரமும் கம்பியும் அலையைத் திருப்பி விடும். எனவே, சுற்றிலும் தடையற்ற வெளியில் உலோகத் தளம் அமைத்து, 80 சென்டிமீட்டர் உயரமுள்ள மின்கடத்தா மேசைமீது பொருளை வைத்து, 10 மீட்டர் தொலைவில் ஏரியலை நிறுத்தி அளந்தனர். தளத்திற் பட்டு எதிரொளிக்கும் அலை, நேரே வரும் அலையோடு ஓரிடத்திற் கூடும், மற்றோரிடத்திற் கழியும். ஆதலால் ஏரியலை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை உயர்த்தித் தாழ்த்திப் பார்க்க வேண்டும். பொருள் எப்பக்கம் மிகுதியாக உமிழ்கிறது என்று அறிய மேசையையும் சுழற்ற வேண்டும். இன்று நகர் நெருக்கத்தில் திறந்த வெளி கிடைப்பது அரிது. அலையை விழுங்கும் கூம்புகளும் ஓடுகளும் பதித்த அறைகளில் இச்சோதனை நடைபெறுகிறது.

வீட்டுக்குரிய கருவிகளுக்கு, 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மீட்டர் தொலைவில் விதிக்கப்பட்ட எல்லை மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தொழிற்கூடக் கருவிகளுக்கு அதனினும் மூன்று மடங்குக்குச் சற்று மிகுதியாக இடங்கொடுத்திருக்கிறார்கள்.

மோட்டார் தனிப்பொருள், அதனை மேசைமேல் வைத்து அளந்துவிடலாம். கணிப்பொறி வந்தபோது கதை மாறிற்று. கணிப்பொறியில் பொறி பறப்பதில்லை. ஆனால் அதன் உள்ளே மின்னழுத்தம் நொடிக்குப் பத்து லட்சக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. அதனோடு திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி என்று பலவற்றைக் கேபிள்களால் பூட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1977-இல் விற்பனைக்கு வந்த டி.ஆர்.எஸ்.-80 என்னும் சிறு கணிப்பொறி பெரும் இரைச்சலை உமிழ்ந்தது. அதன் அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்து, அவ்விரைச்சலையே விளையாட்டுகளுக்குரிய ஓசையாகப் பயன்படுத்திக்கொண்டனர் குறும்புக்காரர்! அண்டை வீட்டுத் தொலைக்காட்சிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. 1979-இல் அந்நாட்டு அரசு கணிப்பொறிகளின் உமிழ்வுக்கு எல்லை வகுத்தது. அவ்விதிக்கு அடங்காத அந்த முதல் மாதிரி 1981-இன் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

இணைப்பில் அப்படி என்ன மாயம் இருக்கிறது? ஒரு பெட்டிக்குள் இருக்கும் சுற்று சிறியது. அதனால் நெடிய அலைகளை நன்கு பரப்ப இயலாது. ஒரு மீட்டர் நீளமுள்ள கேபிளை அதிற் செருகிவிட்டால், அக்கேபிளே ஏரியலாகிவிடுகிறது. 75 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டர். அதில் காற்பங்கு சரியாக ஒரு மீட்டர். வானொலி நிலையத்தார் செலவு செய்து கட்டும் அமைப்பை நாம் அறியாமலே கட்டிவிடுகிறோம். ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், செல்லுதற்குரிய வழியை விட்டு விலகி, வெறும் 5 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் ஓடினாற் போதும். 10 மீட்டர் தொலைவில் நான் சொன்ன எல்லையை அது தொட்டுவிடும். ஓர் இரவு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆதலால், பொருள்களைத் தனியே சோதிப்பது போதாது. வீட்டிலும் ஆலையிலும் எவ்வாறு பூட்டிப் பயன்படுத்துவார்களோ, அவ்வாறே பூட்டிச் சோதிக்க வேண்டும் என்று விதித்தனர். ஒவ்வொரு வகைத் துளையிலும் ஒரு கேபிளாவது செருகப்பட்டிருக்க வேண்டும். ஒரே வகைத் துளைகள் பல இருந்தால், மேலும் ஒரு கேபிளைச் செருகினால் உமிழ்வு குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறதா என்று பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். மிஞ்சிய கேபிளை நடுவில் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மடித்துக் கட்ட வேண்டும். கேபிளை மடிப்பதற்குமா சட்டம் என்று நீங்கள் நகைக்கலாம். மடிப்பு மாறினால் முள் மாறுகிறது. இன்று சென்னையில் எடுத்த அளவும் நாளை பெர்லினில் எடுக்கும் அளவும் ஒத்திருக்க வேண்டுமாயின், மடிப்பையும் வரையறுத்தே தீர வேண்டும். இதே காரணத்தால், மின்சாரம் ஊட்டும் இடத்தில் ஒரு செயற்கை மின்வலையை இடையே வைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டின் மின்கம்பியும் ஒவ்வொரு தன்மை உடையது. செயற்கை வலையோ எங்கும் 50 ஓம் தன்மையையே காட்டுகிறது.

ஐரோப்பிய நாடுகள் 1989-இல் ஓர் ஆணை பிறப்பித்து, 1996 சனவரி முதல் நாளிலிருந்து அதனைக் கட்டாயமாக்கின. சோதனையில் தேறாத பொருள் அங்கே விற்பனைக்கு ஆகாது. அப்போதுதான் நம் நாட்டு ஏற்றுமதியாளர் பலருக்கு இத்துறையின் பெயரே தெரிய வந்தது. அதற்கு முன்பே, 1984-இல் தோன்றிய சமீர் என்னும் அரசு ஆய்வு நிறுவனம், சென்னைத் தரமணியில் மின்காந்தவியலுக்கென ஒரு மையத்தை அமைத்து இச்சோதனைகளை நடத்தத் தொடங்கியிருந்தது. நம் நாட்டிலும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனை 2017-இல் விதியாகி, 2019 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

மின்சாரம் தந்த அதே நீலகிரி மலையில், பைக்காராவுக்கு அணித்தே, முத்தோரை என்னும் இடத்தில் 1970-இல் ஒரு வானொலித் தொலைநோக்கி எழுந்தது. கோவிந்த ஸ்வரூப் என்னும் வானியலறிஞர் அதனை அமைத்தார். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது; மலைச்சரிவு பூமியின் அச்சுக்கு இணையாக அமையுமாறு தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் அலைகளைக் கேட்கிறது. பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் அவ்வலைகளின் மெலிவை எண்ணிப் பாருங்கள். அத்தகைய செவிக்கு, பக்கத்தில் ஓடும் ஒரு கெட்ட மோட்டாரும் தொல்லையே. மின்மாற்றிகளும் மோட்டார்களும் நிறைந்த சமவெளியை விட்டு மலைமேல் ஏறியவர்களுக்கும் இரைச்சல் பின்தொடர்ந்தே வருகிறது.

ஆலைகளில் இன்று நிலை வேறு. நூற்பு இயந்திரங்களின் வேகத்தை மாற்ற, மோட்டாருக்கு முன்னே மின்னணு இயக்கிகளைப் பூட்டுகிறார்கள். மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவது அவற்றின் வேலை. கரித்துண்டில்லாத மோட்டார் என்று நான் மேலே புகழ்ந்த அதே தூண்டல் மோட்டாருக்கு இத்தகைய இயக்கியையும் நீண்ட கேபிளையும் பூட்டிவிட்டால் அமைதி போய்விடுகிறது. தனியே நல்லவன், சேர்க்கையால் கெட்டான்!

என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தார். கோவையில் சிறு தொழிற்கூடம் நடத்துபவர். நூல் அறுந்தால் உணர்ந்து அறிவிக்கும் கருவியொன்றைச் செய்து, ஐரோப்பிய நிறுவனமொன்றிடம் ஆணை பெற்றிருந்தார். உணரும் பெட்டி ஒன்று. காட்டும் பெட்டி ஒன்று. இடையே மூன்று மீட்டர் கேபிள். சோதனைக்கூடத்தில் இரு பெட்டிகளும் தனித்தனியே தேறின, பூட்டியபோது தோற்றன. "சார், தனித்தனியா வெச்சா ரெண்டும் சாதுங்க, சேத்துக் கட்டுனா சத்தம் போடுதுங்க" என்றார். வங்கிக் கடன் வாங்கியிருந்தார். பதினான்கு பேர் அவரை நம்பி வேலை செய்தனர். சோதனைக்கூடக் கட்டணமோ மணிக்கணக்கில் ஏறுவது.

நான் பொறியாளன் அல்லேன். ஆயினும் கேபிளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கேபிளைச் சுற்றியிருந்த உலோக வலைக்காப்பை முனையில் முறுக்கி, எலிவால்போல் நீட்டி, உள்ளே இருந்த அட்டையில் திருகியிருந்தார். நேர்மின்னோட்டத்துக்கு அவ்வால் நல்ல வழிதான். விரைந்த அலைவுக்கு அது வழியன்று, தடை. வெளியேற வேண்டிய இரைச்சல் உள்ளே வந்து, அங்கிருந்து காப்பின்மேல் ஏறி, கேபிள் முழுவதும் பரவும். சென்னையிலிருந்த ஒரு வல்லுநரும் அவருக்கு இதனையே சொன்னார். வாலை வெட்டிவிட்டு, கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாயிலிலேயே வலைக்காப்பைச் சுற்றிலும் உலோகப் பட்டையால் இறுக்கி, பெட்டியின் உடலோடு ஒட்டச் செய்தார். கேபிளைத் தழுவுமாறு ஒரு ஃபெரைட் வளையத்தையும் மாட்டினார். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று.

இரண்டாம் முறை சோதனைக்குச் சென்றவர் அன்று மாலையே தொலைபேசியில் பேசினார். பின்னர் அச்சோதனையின் வரைபடத்தையும் அனுப்பிவைத்தார். மேலே நேர்கோடாக எல்லை. அதன் கீழே, மலைத்தொடர்போல் ஏறி இறங்கும் இரைச்சலின் கோடு. ஒரே ஓர் இடத்தில், 75 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில், சிகரமொன்று எல்லைக்கோட்டை நெருங்கித் தொடாமல் நிற்கிறது. அத்தாளை என் பழைய இயற்பியல் பாடநூலுள் வைத்திருக்கிறேன்.